மென்பொருள் ஏறிய பிறகே ஆய்வகம்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மலைக்கோட்டைப் பாறை பின்னே சிறுத்துப்போய், புஞ்சைக் காடுகளும் தென்னந்தோப்புகளும் நூற்பாலைகளும் மாறி மாறி வரத் தொடங்கும் பகுதியில், முத்தனம்பட்டி, ரெட்டியார்சத்திரம், சிந்தலகுண்டு என்னும் ஊர்ப்பெயர்ப் பலகைகளுக்கு இடையிடையே பொறியியற் கல்லூரிகளின் வாயில்களும் தென்படுகின்றன. முத்தனம்பட்டியில் உள்ள பி.எஸ்.என்.ஏ. கல்லூரி 1984-இல், அதாவது மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாவதற்கு ஓராண்டு முன்பே தொடங்கப்பட்டது, ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழகமே ஒரு கல்லூரியை நடத்துகிறது, சிந்தலகுண்டில் எஸ்.எஸ்.எம். கல்லூரி இருக்கிறது. பூட்டுக்கும் தோலுக்கும் பேர்போன ஒரு நகரத்தைச் சுற்றிய கிராமங்களில், வெங்காயமும் முருங்கையும் பயிரிடும் குடும்பங்களின் பிள்ளைகள், கண்ணுக்குப் புலப்படாத மின்சுற்றுகளை வடிவமைக்கக் கற்றுக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது என்பது, நம் தந்தையர் கனவிலும் கருதியிராத விஷயம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், மின்னணுவியல் தொடர்பியல் துறை மாணவர்க்கு ஐந்தாம் பருவத்தில் வி.எல்.எஸ்.ஐ. எனப்படும் சிப் வடிவமைப்பு ஆய்வகப் பயிற்சி விதிக்கப்பட்டிருக்கிறது. கூட்டல் சுற்று, எட்டு பிட் பெருக்கல் சுற்று, ஷிப்ட் ரிஜிஸ்டர், நினைவகம், மேலும் கீழும் எண்ணுகிற கவுண்டர் ஆகியவற்றை முதலில் எழுத்தில் வடித்து, சிமுலேஷன் செய்து, பின்பு ஒரு போர்டில் இறக்கி ஓட்டிக் காட்ட வேண்டும். அதன்பின் டிரான்சிஸ்டர் மட்டத்துக்கே இறங்கி, சி-மாஸ் கேட்டுகளையும் பெருக்கிகளையும் வரைந்து, அவற்றின் லே-அவுட்டையும் அமைக்க வேண்டும். இதற்கென ஒவ்வொரு கல்லூரியிலும் ஏதோ ஒரு மாடியில் ஒரு கூடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அதற்குள் முதன்முறையாக நுழைகிறவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். இயந்திரவியல் பட்டறையில் கடைசல் இயந்திரம் நிற்கிறது. வேதியியல் கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகத் தொங்குகின்றன. இங்கேயோ சாதாரணக் கணினிகளைத் தவிர வேறொன்றும் காணப்படுவதில்லை.

ஆனால் அக்கணினிகளுக்குள் ஏற்றப்பட்டிருக்கும் மென்பொருளே இந்த ஆய்வகத்தின் உலையும் துலாக்கோலும் ஆகும். அது இல்லாத வரையில் அந்த அறை நாற்காலிகள் போட்ட ஓர் அறைதான். அது பழுதாக ஏற்றப்பட்டிருந்தால், பேராசிரியர் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும், மாணவரின் மூன்று மணி நேரம் பிழைச் செய்திகளை வெறித்துப் பார்ப்பதிலேயே கழிந்துபோகும். அப்படியிருந்தும், மென்பொருளை ஏற்றுவது என்பது சிஸ்டம் பார்க்கிறவரின் எடுபிடி வேலை என்றும், கற்பித்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் பல இடங்களில் கருதப்பட்டு வருவதை நான் காண்கிறேன். அது கற்பித்தலின் முதற்படி என்பதே என் உறுதியான அபிப்பிராயம். இக்கட்டுரை எழுதப்படுவதும் அதை எடுத்துச் சொல்வதற்காகவே.

முதலில், இத்தகைய மென்பொருள் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்த்துவிடலாம். 1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அவற்றின் அமைப்பை மனிதர்கள் கையால் வரைந்து, சிவப்பு நிறப் படலத்தில் வெட்டியெடுத்து, பன்மடங்கு சிறிதாக்கிப் படம் பிடித்துத்தான் சிலிக்கானில் பதித்தார்கள். இன்று மடிக்கணினியில் இருக்கும் ஒரு சிப்பில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருக்கின்றன. அத்தனையையும் கையால் வரைவதென்றால் ஆயுள் போதாது. ஆகவே பொறியாளர்கள் சுற்றை வரைவதைக் கைவிட்டு, அந்தச் சுற்று என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு மொழியில் எழுதத் தொடங்கினார்கள். எழுத்தைச் சுற்றாக மாற்றும் பிரயாசையைக் கணினியிடம் ஒப்படைத்தார்கள்.

அவ்வாறு பிறந்த மொழிகளில் இரண்டு நிலைத்துவிட்டன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் உருவான வி.எச்.டி.எல். 1987-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. மற்றொன்றான வெரிலாக், கேட்வே என்னும் சிறு நிறுவனத்தில் 1984-ஐ ஒட்டிய காலத்தில் பில் மூர்பி என்பவரும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பிரபு கோயல் என்பவரும் சேர்ந்து உருவாக்கியது. கேடன்ஸ் நிறுவனம் கேட்வேயை வாங்கி, அம்மொழியைப் பொதுவுக்குத் திறந்துவிட்ட பின், 1995-இல் அதுவும் தரமாயிற்று. நம் மாணவர்கள் பெரும்பாலும் எழுதுவது வெரிலாக்கில்தான்.

இவற்றுக்கும் முன்பே, டிரான்சிஸ்டர் மட்டத்தில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் எப்படி மாறும் என்று கணித்துச் சொல்லும் ஸ்பைஸ் என்னும் நிரல் வந்துவிட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில், லாரன்ஸ் நேகல் என்னும் ஆராய்ச்சி மாணவர் எழுதி 1973-இல் வெளிப்படுத்தியது அது. பெடர்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மாணவர் எழுதிய நிரலின் சந்ததியே அரை நூற்றாண்டு கடந்தும் உலகத்துச் சிப் நிறுவனங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை, நம் ஊர் மாணவர்க்கு முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

சிமுலேஷன் என்பது, செய்யப்படாத சுற்றைச் செய்துவிட்டதாகப் பாவித்து ஓட்டிப் பார்ப்பது. மாணவர் கூட்டல் சுற்றை எழுதியபின் அதனுடன் டெஸ்ட்பெஞ்ச் என்னும் மற்றொரு நிரலையும் எழுதுகிறார். இந்த நேரத்தில் இந்த எண்ணைக் கொடு, அந்த நேரத்தில் அந்த எண்ணைக் கொடு என்று சுற்றுக்கு உள்ளீடுகளை ஊட்டுவது அதன் வேலை. விளைவு, மேலும் கீழும் ஏறி இறங்கும் கோடுகளாகத் திரையில் தெரிகிறது. திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கத்துப் பூட்டுத் தொழிலாளி ஒருவர், தாம் செய்த பூட்டு அதற்குரிய சாவிக்குத் திறந்துவிட்டது என்பதோடு திருப்தியடைந்துவிட முடியாது. வேறு சாவிகளுக்குத் திறவாமல் நிற்கிறதா என்பதையும் அவர் பார்த்தாக வேண்டும். டெஸ்ட்பெஞ்ச் எழுதுகிறவருக்கும் அதே கடமை உண்டு. சரியான உள்ளீட்டுக்குச் சரியான விடை வருகிறது என்பதைக் காட்டுவது பாதிச் சோதனைதான். எல்லை கடந்த எண்ணுக்கும், எதிர்பாராத வேளையில் வரும் ரீசெட்டுக்கும் அந்தச் சுற்று என்ன செய்கிறது என்பதே மறுபாதி.

இந்த மறுபாதியை அலட்சியம் செய்தால் நேரும் நஷ்டத்துக்கு ஓர் உதாரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1994-இல் இன்டெலின் பென்டியம் செயலியில் வகுத்தல் கணக்கு அபூர்வமாகச் சில எண்களுக்குத் தவறான விடை தந்தது. உள்ளே இருந்த ஓர் அட்டவணையில் சில இலக்கங்கள் விடுபட்டுப் போனதே காரணம். விற்ற சிப்புகளை மாற்றித் தருவதற்காக அந்நிறுவனம் 47 கோடியே 50 இலட்சம் டாலரை ஒதுக்க நேர்ந்தது. சிலிக்கானில் பதிந்துவிட்ட பிழையை அழித்தெழுத இயலாது. ஆதலால்தான் சிப் துறையில் வடிவமைப்பதற்குச் செலவிடும் காலத்தைக் காட்டிலும் சரிபார்ப்பதற்குச் செலவிடும் காலம் பெரும்பாலும் அதிகமாக இருக்கிறது.

மாணவர் சிப்பையே செய்து பார்க்க வழியில்லாத இடத்தில், எஃப்.பி.ஜி.ஏ. போர்டு துணைக்கு வருகிறது. ஸைலிங்ஸ் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ராஸ் ஃப்ரீமனின் எண்ணத்தில் உதித்து 1985-இல் வெளிவந்த இந்த வகைச் சிப், வாங்கும்போது எந்த வேலையும் தெரியாததாக இருக்கும். நாம் எழுதிய வடிவத்தை அதில் இறக்கினால் அந்தச் சுற்றாகவே மாறிவிடும். வேறொன்றை இறக்கினால் வேறொன்றாகும். காலையில் கவுண்டராக இருந்தது மதியம் பெருக்கல் சுற்றாகிவிடும். கற்பிப்பதற்கு இதைவிட உகந்த சாதனம் வேறில்லை.

இனி மென்பொருளை ஏற்றும் கதைக்கு வருவோம். இதில் முதல் இடையூறு, போர்டின் வயதும் மென்பொருளின் வயதும் பொருந்தாமற் போவது. ஸைலிங்ஸ் நிறுவனத்தின் பழைய மென்பொருளான ஐ.எஸ்.இ., 2013-இல் வெளியான 14.7 என்னும் பதிப்போடு நின்றுவிட்டது; 2012-இலிருந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட விவாடோ, ஏழாம் வரிசைச் சிப்புகளையும் அவற்றுக்குப் பிந்தியவற்றையுமே அறியும். கல்லூரிகள் பல ஆண்டுகளுக்கு முன் அரிய நிதியில் வாங்கி வைத்த ஸ்பார்ட்டன்-3, ஸ்பார்ட்டன்-6 போர்டுகளை விவாடோ தெரியாது என்று சொல்லிவிடும். பழைய ஐ.எஸ்.இ.யையே ஏற்றலாமென்றால், அது புதிய விண்டோஸில் இணங்கி ஓடுவதில்லை. ஸ்பார்ட்டன்-6-க்காக மட்டும் அந்நிறுவனமே அதை வர்ச்சுவல் மெஷின் ஒன்றுக்குள் வைத்து விண்டோஸ் 10-க்கென்று தர நேர்ந்தது. ஆல்டெரா என்னும் மற்றொரு நிறுவனத்தின் போர்டுகளுக்கும் இதே நிலைதான். சைக்ளோன்-2 சிப்புள்ள போர்டு வைத்திருக்கும் கல்லூரி, அதற்குரிய குவார்ட்டஸ் மென்பொருளின் 13.0 பதிப்பைப் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். ஆகவே மென்பொருளை ஏற்ற உட்காருகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அலமாரியைத் திறந்து, போர்டின் நடுவிலிருக்கும் சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிப்பது. புதிய பதிப்பே நல்ல பதிப்பு என்னும் பொதுவான நம்பிக்கை இங்கே செல்லாது.

இரண்டாவது, அளவு. விவாடோவை முழுமையாக ஏற்றினால் பல பத்து ஜிகாபைட் இடத்தை விழுங்கிவிடும். கல்லூரியிலுள்ள சிப் வகைக்கு உரிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் அது வெகுவாகக் குறையும். நிறுவும்போது வருகிற பட்டியலில் வேண்டாதவற்றின் குறியை நீக்குவதற்கு ஐந்து நிமிஷம் செலவிட்டால் போதும். அதையும் அறுபது கணினிகள் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கினால் கல்லூரியின் இணையம் அன்று முழுதும் ஸ்தம்பித்துவிடும். ஒரு முறை இறக்கி, உள் சர்வரில் வைத்து, அங்கிருந்து எல்லாக் கணினிகளுக்கும் கொடுப்பதே அறிவுடைமை. ஒரு கணினியில் எல்லாவற்றையும் செம்மையாக ஏற்றிச் சோதித்தபின், அதன் டிஸ்க்கை அப்படியே பிரதியெடுத்து மற்றவற்றில் பதிக்க குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பிரதியெடுத்தபின் ஒவ்வொன்றின் பெயரையும் பிணைய முகவரியையும் மாற்ற மறந்தால், ஒரே பெயரில் பல கணினிகள் பிணையத்தில் மோதிக்கொள்ளும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் தலைவலி மிகுந்தது: லைசென்ஸ். கேடன்ஸ், சினாப்ஸிஸ், சீமென்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களே தொழிலுலகில் பிரதானமாக வழங்குகின்றன. கல்லூரிகளுக்குச் சலுகை விலையில் தருகிறார்கள் என்றாலும், அவற்றுக்கான லைசென்ஸ் ஆண்டுக்கணக்கில்தான் கிடைக்கும். அது ஒரு சர்வரில் குடியிருக்கும். அந்த சர்வரின் பிணைய அட்டைக்குரிய எண்ணைக் கொண்டே லைசென்ஸ் கோப்பு எழுதப்பட்டிருப்பதால், அட்டை பழுதாகி வேறொன்று மாற்றப்பட்டால் லைசென்ஸும் செல்லாததாகிவிடும். மாணவர் தம் கணினியில் மென்பொருளைத் திறந்தவுடன் அது சர்வரிடம் சென்று ஓர் இடம் கேட்கிறது. இருபது இடங்கள் வாங்கியிருந்தால் இருபத்தொன்றாவது மாணவர் காத்திருக்க வேண்டும். சர்வருக்கும் கணினிக்கும் இடையே பாதுகாப்புக்காக வைத்த ஃபயர்வால் உரிய போர்ட்டை அடைத்து வைத்திருந்தால், யாருக்கும் இடம் கிடைக்காது. கணினியின் கடிகாரம் பின்னோக்கிப் போயிருந்தாலும் மறுப்புத்தான் வரும். தாய்ப்பலகையில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகளில் இது அடிக்கடி நிகழும், காரணம் தெரியாமல் பலர் மென்பொருளையே மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

இந்த மென்பொருள்களுள் பெரும்பாலானவை லினக்ஸில், அதிலும் ரெட் ஹேட் வகையில்தான் ஓடுமாறு எழுதப்பட்டவை. அதே வகையை இலவசமாகத் தந்த சென்ட்-ஓ.எஸ். பல கல்லூரிகளுக்கு நெடுங்காலம் அடைக்கலமாக இருந்தது. அதன் ஏழாம் பதிப்புக்கு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு பராமரிப்பு நின்றுவிட்டது. விண்டோஸிலேயே பழகி வந்த மாணவருக்கு, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து, சூழல் மாறிகளை அமைத்து, அதன்பிறகே வடிவமைப்புச் சாளரத்தைக் காணும் அனுபவம் முதலில் திகைப்பாகவே இருக்கும். ஆனால் பெங்களூரிலோ சென்னையிலோ சிப் நிறுவனமொன்றில் சேர்கிற எந்தப் பொறியாளரும் முதல் நாள் உட்காருவது இத்தகைய திரையின் முன்தான். ஆகையால் அதை மறைத்து வைத்து, சுட்டியால் ஒரு படத்தைத் தட்டினால் போதும் என்று அமைத்துக் கொடுப்பது அன்பாகத் தோன்றினாலும், மாணவருக்கு நன்மை செய்வதாகாது.

இப்பெரிய இடையூறுகளோடு சிறு இடையூறுகளும் உண்டு. அவையே அதிக நேரத்தைத் தின்பவை. நம்மவர் பெயரில் முதலெழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி விடுவது வழக்கம். கணினியில் பயனர் பெயரை அவ்வாறே வைத்துவிட்டால், அந்த மாணவரின் கோப்புறைப் பாதையிலும் இடைவெளி புகுந்துவிடும். இடைவெளியைப் பொறுக்காத வடிவமைப்பு மென்பொருள்கள் அநேகம். அவை தரும் பிழைச் செய்தியோ இடைவெளியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதேபோல, வெரிலாக்கில் ஒரு மாட்யூலின் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. 'நான்கு பிட் கூட்டி' என்பதை ஆங்கிலத்தில் எண்ணை முன்னிட்டு எழுதிவிட்டு, பிழை எங்கே என்று தேடாத மாணவர் இல்லை. போர்டைக் கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. கேபிளுக்கு உரிய டிரைவரைத் தனியே ஏற்ற வேண்டும். லினக்ஸில் அதற்கான அனுமதி விதிகளையும் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டில் விளக்கு எரியும், கணினி மட்டும் அதைக் காணாது. வைரஸைத் தடுப்பதற்காக, மூடித் திறந்தால் கணினி பழைய நிலைக்கே திரும்பும்படி உறைய வைத்திருக்கும் ஆய்வகங்களில், மாணவர் எழுதியதை வைக்க ஒரு தனிப் பகுதியை விட்டுவைக்காவிட்டால், மின்வெட்டு ஏற்பட்ட கணத்தில் ஒரு பிற்பகல் உழைப்பு மறைந்துவிடும்.

இதையெல்லாம் அறிந்தவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் லேப் அசிஸ்டெண்ட் ஒருவரே. அவர் டிப்ளமோ படித்தவராக இருப்பார், சம்பளம் குறைவு, பெயர் எந்த அறிக்கையிலும் வராது. செய்முறைத் தேர்வன்று வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்து அமர்ந்திருக்க, ஏதோ ஒரு கணினியில் லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று மாணவி கண் கலங்கி நிற்கும்போது, ஓடிவந்து சரிசெய்பவர் அவரே. அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் அந்த ஞானமும் அவரோடு போய்விடுகிறது. எந்தப் பதிப்பு, எந்தக் கோப்புறை, எந்தப் போர்ட் எண், லைசென்ஸ் முடியும் தேதி எது, எந்தப் பிழைக்கு எது பரிகாரம் என்பதையெல்லாம் சாதாரண நீள நோட்டு ஒன்றில் எழுதி ஆய்வகத்தில் வைக்கும் பழக்கத்தை ஒவ்வொரு கல்லூரியும் கட்டாயமாக்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

அரசாங்கமும் இத்துறையில் சும்மா இருக்கவில்லை. வி.எல்.எஸ்.ஐ. வடிவமைப்புக்கென மனிதவளத்தை உருவாக்கும் தனித் திட்டம் 1998-இலேயே தொடங்கி, கட்டம் கட்டமாக விரிந்து வந்தது. 2022-இல் வந்த 'சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப்' திட்டம், ஐந்தாண்டுகளில் 85,000 பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. பெங்களூர் சி-டாக் நிறுவனத்தில் அமைந்த சிப்-இன் மையம், விலையுயர்ந்த மென்பொருள்களை ஒரே இடத்தில் வைத்து, தேர்வான கல்வி நிறுவனங்களுக்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தக் கொடுக்கிறது. தேர்வான வடிவங்கள் மொகாலியிலுள்ள அரசு செமிகண்டக்டர் கூடத்தில் 180 நானோமீட்டர் முறையில் சிப்பாகவும் வார்க்கப்படுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் உருவாக்கிய 'சக்தி' செயலிகளில் ஒன்று 2018-இல் இன்டெலின் ஆலையிலும், மற்றொன்று அதே மொகாலியிலும் வார்க்கப்பட்டன. வடிவமைப்பு தமிழ்நாட்டில் ஒரு கல்விக்கூடத்தில் நடந்தது என்பதை நம் மாணவர் அறிய வேண்டும்.

ஆனாலும் இத்திட்டங்களின் பயன் எல்லா மாவட்டக் கல்லூரிகளையும் ஒரே நாளில் எட்டிவிடாது. அது வரையில் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை, பெடர்சன் காட்டிய வழியிலேயே இருக்கிறது. ஸ்டீபன் வில்லியம்ஸ் எழுதிய ஐகாரஸ் வெரிலாக், அலைவடிவங்களைக் காட்டும் ஜி.டி.கே.வேவ், பெர்க்லியின் ஸ்பைஸிலிருந்து வளர்ந்த என்.ஜி.ஸ்பைஸ், அதே பல்கலைக்கழகத்தில் பிறந்த லே-அவுட் மென்பொருளான மேஜிக், எழுத்தைக் கேட்டுகளாக மாற்றும் யோசிஸ், சர்க்யூட் போர்டு வரையும் கை-கேட் ஆகிய அனைத்தும் இலவசம். அவற்றின் மூல நிரலும் யாரும் படிக்கத் திறந்தே இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டத்தினர் இவற்றுட் சிலவற்றைச் சேர்த்து இ-சிம் என்ற ஒரே தொகுப்பாக்கித் தருகிறார்கள். இத்தகைய மென்பொருள்களை ஆசிரியர் இல்லாமலே கற்பதற்கு, அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் பாடங்களைத் தயாரித்து, பலவற்றைத் தமிழிலும் பேசித் தந்திருக்கிறது. ஆங்கிலச் சொற்பொழிவைத் தொடர முடியாமல் முதலாண்டில் தலைகுனியும் கிராமத்து மாணவருக்கு இந்த உதவி எவ்வளவு பெரியது என்பதை, அவர்களோடு பழகியவர்கள் அறிவார்கள்.

2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் சேர்ந்து ஒரு சிப் ஆலையின் 130 நானோமீட்டர் முறைக்குரிய விவரங்களையே பொதுவில் வெளியிட்டன. ஆலையின் இத்தகைய விவரங்கள், ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டவர்க்கன்றிக் கிடைக்காமல் இருந்தவை. இன்று ஒட்டன்சத்திரத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவர், ஆலைக்கு அனுப்பத்தக்க லே-அவுட்டை, யாரிடமும் அனுமதி கேளாமல், உண்மையான அளவுகளோடு வரைந்து பார்க்க முடியும்.

தொழிலுலகின் மென்பொருள்கள் வேண்டியதில்லை என்று நான் வாதிடவில்லை. வேலைக்குச் செல்லும் மாணவர் கேடன்ஸ் திரையை ஒரு முறையேனும் கண்டிருக்க வேண்டும். பெரிய வடிவங்களைச் சரிபார்ப்பதில் அவற்றின் வேகத்துக்கும் நுட்பத்துக்கும் இலவச மென்பொருள்கள் இன்னும் ஈடாகவில்லை. ஆனால் தொழிலுலகின் மென்பொருள்கள் ஆய்வகத்தின் கதவோடு நின்றுவிடுகின்றன. மாலை நான்கரை மணிக்குக் கல்லூரிப் பேருந்து புறப்படும்போது, பாதியில் நின்ற சோதனையை அங்கேயே விட்டுவிட்டுத்தான் நத்தத்துக்கும் வேடசந்தூருக்கும் நிலக்கோட்டைக்கும் மாணவர்கள் திரும்ப வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு பிற்பகல் மட்டும் அப்பியாசம் செய்து எந்தக் கலையும் கைவந்ததில்லை. ஐகாரஸும் என்.ஜி.ஸ்பைஸும் சில பத்து மெகாபைட்டுகளில் அடங்கிவிடுவதால், பென் டிரைவில் கொண்டுபோய் பழைய மடிக்கணினியிலும் ஓட்டலாம். 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது; அப்படிப்பட்ட எளிய மடிக்கணினியே இதற்குப் போதும்.

திண்டுக்கல்லுக்கு மறுபக்கத்தில், அம்பாத்துரை அருகே, சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவியபோது, கையால் செய்து கற்பதே கல்வி என்னும் காந்தியடிகளின் ஆதாரக் கல்விக் கொள்கை அவர்கள் கண்முன் இருந்தது. அக்கொள்கையைச் சிப் வடிவமைப்பில் அனுசரிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டால், முடியும் என்றே சொல்வேன். அதற்கு, மென்பொருளை ஏற்றும் வேலையையே மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் பருவத்தின் முதல் ஆய்வக வகுப்பில் கூட்டல் சுற்றைத் தொடங்க வேண்டாம். மடிக்கணினி உள்ளவர்கள் அதைக் கொண்டுவரட்டும். இல்லாதவர்கள் இருவர் மூவராக ஒரு கணினியில் சேரட்டும். இடைவெளி இல்லாத பெயரில் ஒரு கோப்புறையை உண்டாக்கி, ஐகாரஸையும் ஜி.டி.கே.வேவையும் அவர்களே ஏற்றி, கட்டளைத் திரையிலிருந்து பதிப்பு எண்ணைக் கேட்டு, அது வந்ததா என்று பார்க்கட்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பக்கத்து மாணவரோடு சேர்ந்து தேடட்டும்; லேப் அசிஸ்டெண்ட் அருகில் நின்று, கையை நீட்டாமல் வாயால் மட்டும் வழி சொல்லட்டும். பின்பு இரண்டே உள்ளீடுகள் கொண்ட ஓர் 'ஆண்ட்' (AND) கேட்டை எழுதி, அதன் நான்கு நிலைகளையும் அலைவடிவத்தில் கண்டு, ஏற்றிய முறையையும் எதிர்ப்பட்ட பிழைகளையும் ரெக்கார்டு நோட்டின் முதற் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். கூட்டல் சுற்று அடுத்த வாரம் வரட்டும்.